மணல் கணக்கு முடியும் இடத்தில் களி தொடங்குகிறது: ஆரம்பாக்கம் பக்கத்து கோடவுன் அடித்தளம், ஒரு நிகழ்வு ஆய்வு

கும்மிடிப்பூண்டி தாண்டி ஆரம்பாக்கம் வழியாகத் தடா போகும் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே இறங்கினால், பழவேற்காடு ஏரிக்கரை வரை நிலம் ஏறத்தாழ ஒரே மட்டம். மேலே நடந்து பார்ப்பவருக்கு எல்லாம் மணல்தான். கடப்பாரை போட்டாலும் மணல், நாலடி தோண்டினாலும் மணல், அதற்குள் தண்ணீரும் வந்துவிடும். "நல்ல மணல் சார், மீட்டருக்கு 15 டன் தாராளமா தாங்கும்" என்று மேஸ்திரி சொல்வது பொய்யில்லை. மணல் தாங்கும். கட்டடம் எவ்வளவு இறங்கும், ஒரு தூணுக்கும் பக்கத்துத் தூணுக்கும் எவ்வளவு வித்தியாசத்தில் இறங்கும் என்பது வேறு கேள்வி. மணலில் ஃபுட்டிங்கின், அதாவது தூணுக்கு அடியில் போடும் அகலக் கான்கிரீட் பீடத்தின், அளவை முடிவு செய்வது பெரும்பாலும் அந்தக் கேள்விதான்; தாங்குதிறன் அல்ல. ஒரு மீட்டருக்கு மேல் அகலமான ஃபுட்டிங்குக்கு இதை விதி என்றே வைத்துக்கொள்ளலாம்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஒரு மாதிரிக் கட்டடம். மண் அடுக்குகளும் எண்களும் ஏரியோர மணலில் எதிர்பார்க்கக்கூடியவற்றை ஒட்டி அமைத்தவை. குறிப்பிட்ட ஒரு தளத்தின் அறிக்கையிலிருந்து எடுத்தவை அல்ல. கணக்குகள் எல்லாம் முழுதாகப் போட்டவை. கால்குலேட்டரை எடுத்து உடன் போட்டுப் பார்க்கலாம்.

கட்டடமும் மண்ணும்

இறால் தீவன கோடவுன். 24 மீட்டருக்கு 48 மீட்டர், ஆர்சிசி ஃப்ரேம், தரைத்தளமும் ஒரு மேல்தளமும். தூண்கள் இரு திசையிலும் 6 மீட்டர் இடைவெளி. மேல்தளத்திலும் மூட்டை அடுக்குவார்கள், அதனால் உள் தூணில் வரும் சுமை 860 கிலோநியூட்டன். இதில் 500 நிலைச்சுமை, மீதி 360 மூட்டை. ஓரத் தூணில் 450. அடித்தள ஆழம் 1.5 மீட்டர். உள் தூணுக்கு 2.4 மீட்டர் சதுர ஃபுட்டிங், ஓரத் தூணுக்கு 1.75 மீட்டர் சதுரம். இரண்டுக்கும் கீழே நிகர அழுத்தம் 150 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும்படி போட்டது. சைட் பேச்சில் சொன்னால் சதுர மீட்டருக்கு அதே 15 டன்.

போர் லாக், அதாவது துளையிட்டு எழுதிய மண் அடுக்குப் பதிவு, இப்படி: மேல் 1 மீட்டர் நிரப்பு மண். 1 முதல் 7 மீட்டர் வரை நுண்மணலும் நடுத்தர மணலும். எஸ்பிடி என்-வேல்யூ (குழாயை அடித்து இறக்கி எண்ணும் சோதனை எண்; எண் கூடினால் மண் கெட்டி) 1.5 மீட்டரில் 9, 3 மீட்டரில் 11, 4.5-இல் 14, 6-இல் 18. 7.5 மீட்டரில் 4. பிறகு 9 மீட்டரில் 24, அதற்குக் கீழே கெட்டி மணல். நிலத்தடி நீர் மே மாதத்தில் 1.8 மீட்டரில், ஐப்பசி கார்த்திகையில் அரை மீட்டருக்கு வந்துவிடும். ஈர மணலின் எடை கன மீட்டருக்கு 17 கிலோநியூட்டன், நீருக்குள் பயனுறு எடை 9.7 என்று வைத்திருக்கிறது.

அந்த 4-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எண்களைவிட அதுதான் இந்தக் கட்டடத்துக்கு முக்கியம்.

என்-வேல்யூ எங்கே கெட்டுப்போகிறது

63.5 கிலோ எடை, 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். ஸ்பிளிட் ஸ்பூன் என்ற மாதிரி எடுக்கும் குழாய் முதல் 15 சென்டிமீட்டர் இறங்க ஆகும் அடிகள் கணக்கில் சேராது. அடுத்த 30 சென்டிமீட்டருக்கு ஆகும் அடிகளே என்-வேல்யூ. எழுதிப் படிக்க எளிது. நீருக்கடியில் உள்ள நுண்மணலில் இதைச் சரியாகச் செய்வது எளிதல்ல.

மிகவும் வழக்கமான தவறு, குழியைச் சுத்தம் செய்யும்போது நடக்கிறது. பெய்லரை (குழியிலிருந்து மண் அள்ளும் குழாய்) வேகமாக மேலே இழுத்தால் அது பிஸ்டன் போலக் கீழேயுள்ள தண்ணீரை உறிஞ்சும். கேஸிங்குக்குள் (குழிச் சுவர் சரியாமல் இருக்க இறக்கும் குழாய்) நீர்மட்டம் வெளி நீர்மட்டத்துக்குக் கீழே போகும். உடனே கீழேயிருந்து மணல் தண்ணீரோடு பொங்கிக் கேஸிங்குக்குள் ஏறும். பிறகு ஸ்பூனை இறக்கி அடித்தால் அது பொங்கிய மணலில்தான் நிற்கும். இயல்பான மண்ணை அது தொடவே இல்லை. 11 வர வேண்டிய இடத்தில் 5 வரும். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. 3 மீட்டர் வரை சுத்தம் செய்த குழியில் ஸ்பூனை இறக்கும்போது அது 2.65 மீட்டரிலேயே தட்டி நின்றால், 35 சென்டிமீட்டர் மணல் ஏறியிருக்கிறது என்று பொருள். ராடில் சாக்பீஸால் ஆழத்தைக் குறித்து வைத்தால் போதும், யாரும் ஏமாற்ற முடியாது. தடுக்க வேண்டுமானால் கேஸிங்குக்குள் எப்போதும் வெளி நீர்மட்டத்துக்கு மேலே தண்ணீர் அல்லது பெண்டோனைட் களிக் குழம்பு நிற்க வேண்டும், பெய்லரை மெல்ல இழுக்க வேண்டும்.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. மதியத்துக்கு மேல் ஆட்கள் களைத்துவிட்டால் 75 சென்டிமீட்டர் 60 ஆகிவிடும். அடிக்கும் ஆற்றல் குறையும், எண்ணிக்கை கூடும், மணல் காகிதத்தில் கெட்டியாகிவிடும். இறக்கக் கணக்கில் ஆபத்தானது இதுதான். பொங்கிய மணல் தரும் குறைந்த எண் பணத்தைத்தான் வீணாக்கும். களைத்த கை தரும் கூடுதல் எண் கட்டடத்தையே இறக்கிவிடும்.

மணலுக்கு மட்டும் கணக்கு

பர்லண்ட், பர்பிட்ஜ் என்ற இரு பொறியாளர்கள் 1985-இல் கொடுத்த முறை, 200-க்கும் மேற்பட்ட உண்மைக் கட்டடங்களின் அளவீடுகளிலிருந்து வந்தது. கோட்பாட்டிலிருந்து வராததாலேயே அதை நம்பலாம். இறக்கம் மில்லிமீட்டரில் கிடைக்க மூன்றைப் பெருக்க வேண்டும்: அழுத்தம் கிலோபாஸ்கலில், ஃபுட்டிங் அகலத்தின் 0.7 அடுக்கு, அமுங்குமை எண். அமுங்குமை எண் என்பது 1.71-ஐ என்-வேல்யூவின் 1.4 அடுக்கால் வகுத்தது. தோண்டி எடுத்த மண்ணின் எடை அளவுக்கு மண் ஏற்கெனவே அமுங்கியிருக்கிறது, எனவே மொத்த அழுத்தத்திலிருந்து அதில் மூன்றில் இரண்டு பங்கைக் கழித்துக்கொள்ளலாம்.

நம் ஃபுட்டிங்குக்குப் பாதிப்பு ஆழம் அகலத்தின் 0.75 அடுக்கு, அதாவது 1.93 மீட்டர். 1.5-இலிருந்து 3.4 மீட்டர் வரை. அங்கே என்-வேல்யூ 9-ம் 11-ம், சராசரி 10. மொத்த அழுத்தம் 150 கூட்டல் 25.5, அதில் 17 கழித்தால் 158.5. அகலத்தின் அடுக்கு 1.85. அமுங்குமை எண் 0.068. பெருக்கினால் 20 மில்லிமீட்டர்.

இது கட்டி முடிக்கும்போதைய இறக்கம். மணல் உடனே இறங்கிவிடும், பிறகு இறங்காது என்று சொல்வது பாதி உண்மைதான். அதே முறையின் காலத் திருத்தப்படி, நிலைச்சுமைக்கு 30 ஆண்டில் ஒன்றரை மடங்கு: 30 மில்லிமீட்டர். சுமை ஏறி இறங்கும் கட்டடங்களுக்கு, அதாவது சைலோ, பாலம், உயரமான புகைபோக்கி மாதிரியானவற்றுக்கு, 30 ஆண்டில் இரண்டரை மடங்கு: 50 மில்லிமீட்டர். நம் கோடவுனின் மேல்தளச் சரக்கு ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். ஆனால் அது மொத்தச் சுமையில் 42 சதவீதம்தான். ஆகவே 30-க்கும் 50-க்கும் நடுவே ஒரு எண். 30 என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

இன்னொரு பொறியாளரான ஷ்மெர்ட்மன் கொடுத்த முறை வேறு வழியில் போகும். ஃபுட்டிங்குக்குக் கீழே அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம், இங்கே 4.8 மீட்டர், வரை மண்ணை அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கிலும் திரிபுக் காரணியை (அந்த ஆழத்தில் அமுங்கும் பங்கு) மீள்தகைவு எண்ணால் (மண்ணின் விறைப்பு) வகுத்துக் கூட்டுவது. சதுர ஃபுட்டிங்குக்குக் காரணி அடியில் 0.1, அகலத்தில் பாதி ஆழத்தில் உச்சம், இரண்டு மடங்கு ஆழத்தில் பூச்சியம். 1978 திருத்தப்படி நம் உச்சம் 0.695. கோன் சோதனை (கூம்பு முனையை மண்ணுக்குள் அழுத்தி எதிர்ப்பை அளப்பது) செய்யாத தளத்தில் கோன் எதிர்ப்பை என்-வேல்யூவிலிருந்து எடுக்கிறார்கள். என்-வேல்யூவை 0.4-ஆல் பெருக்கினால் மெகாபாஸ்கலில் கோன் எதிர்ப்பு. அதை 2.5-ஆல் பெருக்கினால் மீள்தகைவு. 0.4 பெருக்கல் 2.5 சரியாக 1, ஆகவே என்-வேல்யூவே மெகாபாஸ்கல் ஆகிவிடுகிறது. நாலு அடுக்கையும் கூட்டி, நிகர அழுத்தமான 150-ஆல் பெருக்கி, ஆழத் திருத்தம் 0.915 போட்டால் 20.2 மில்லிமீட்டர். 30 ஆண்டில் மெல்ல மெல்ல இறங்குவதற்கான நீள்திரிபுத் திருத்தம் 1.495. அதைப் போட்டால் 30.

இரண்டு முறையும் 20, 30 என்று அச்சு அசலாக ஒன்றாக வந்துவிட்டன. இதைப் பார்த்துச் சந்தோஷப்படும் ஆள் கவனமாக இருக்க வேண்டும். 0.4 என்ற பெருக்கல் எண் நாம் தேர்ந்தெடுத்தது. நுண்மணலில் வண்டல் கலந்திருந்தால் அது 0.3 ஆகலாம், அப்போது அதே கணக்கு 27 மில்லிமீட்டர் சொல்லும். சற்றுப் பருமணலாக 0.6 எடுத்தால் 13 சொல்லும். இரண்டு முறைகள் ஒத்துப்போனது மண்ணால் அல்ல, நம் தேர்வால். கோன் சோதனையை நேரடியாகச் செய்தால்தான் இரண்டாவது முறை உண்மையில் இரண்டாவது சாட்சி. இல்லாவிட்டால் ஒரே சாட்சி இரண்டு குரலில் பேசுவதுதான்.

மேயர்ஹாஃப் என்ற பொறியாளரின் பழைய சூத்திரப்படி, 25 மில்லிமீட்டர் இறக்கத்துக்கு இந்த ஃபுட்டிங்குக்கு 101 கிலோபாஸ்கல்தான் அனுமதி. 150-க்கு 37 மில்லிமீட்டர். அது மிகவும் கஞ்சத்தனம் என்று அவரே 1965-இல் அனுமதி அழுத்தத்தை 50 சதவீதம் உயர்த்தச் சொன்னார். அப்படிப் போட்டால் 25. நீர்மட்டத்துக்காகத் தனியே திருத்த வேண்டாம், என்-வேல்யூவிலேயே அது வந்துவிட்டது என்றும் அவர் சொன்னார். இதைக் கவனிக்காமல் 37-ஐ 0.5 என்ற நீர்த் திருத்தத்தால் வகுத்து 74 மில்லிமீட்டர் என்று எழுதினால், ஃபுட்டிங் போடலாமா பைல் (ஆழத்துக்கு இறக்கும் கான்கிரீட் தூண்) போடலாமா என்ற விவாதமே தலைகீழாகும்.

இன்னொரு கலப்படம் இதைவிடச் சகஜம். இந்தியத் தரநிர்ணயம் 2131 சொல்லும் மேல்மண் அழுத்தத் திருத்தத்தை நம் எண்களுக்குப் போட்டால், 9 என்பது 13 ஆகிறது, 11 என்பது 14 ஆகிறது. தாங்குதிறன் கணக்குக்குத் திருத்திய எண் வேண்டும், சரி. பர்லண்ட் பர்பிட்ஜ் முறையோ திருத்தாத எண்ணைக் கொண்டு உருவானது. திருத்திய சராசரியான 13.7-ஐ அதில் போட்டால் 20 மில்லிமீட்டர் 13 ஆகிவிடும். ரிப்போர்ட்டில் "திருத்திய என்-வேல்யூ" என்ற ஒரே பத்தியை வைத்து எல்லாக் கணக்கையும் போடும் பழக்கத்தால் வருவது இது. ஒவ்வொரு சூத்திரமும் எந்த என்-வேல்யூவைத் தின்று வளர்ந்தது என்று தெரியாமல் தீனி போடக் கூடாது.

என்-வேல்யூ மாறினால் எவ்வளவு மாறும் என்பதையும் பார்த்துவிடலாம். அதே உள் ஃபுட்டிங், அதே சுமை. சராசரி 14 என்றால் 12 மில்லிமீட்டர். 10 என்றால் 20. 7 என்றால் 33. ஒரே தளத்தில் இரண்டு போர்களுக்கு இடையே 7-ம் 14-ம் வருவது அதிசயமே இல்லை. 24-க்கு 48 மீட்டர் கட்டடத்துக்கு ஒரே ஒரு போர் போட்டுவிட்டு இறக்கத்தைத் தசமப் புள்ளியோடு எழுதுவது அழகுக் கையெழுத்துப் போட்டி.

டெக்சாஸில் நடந்த பரீட்சை

இந்தச் சூத்திரங்களை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு 1994-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் நடந்ததுதான் நல்ல பதில். வண்டல் கலந்த மணலில் ஐந்து சதுர ஃபுட்டிங்குகள் கட்டினார்கள்: 1 மீட்டர், 1.5, 2.5, பிறகு 3 மீட்டரில் இரண்டு. தளத்தின் சோதனை எண்களை எல்லாருக்கும் கொடுத்து, 25 மில்லிமீட்டர் இறங்க எவ்வளவு சுமை வேண்டும், 150 மில்லிமீட்டர் இறங்க எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லச் சொன்னார்கள். ஆலோசகர்களும் பேராசிரியர்களுமாக 31 பேர் கணித்தார்கள். எல்லா விடையும் உண்மையிலிருந்து 20 சதவீதத்துக்குள் வரும்படி ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அளந்த எண்களில்தான் பாடம் இருக்கிறது. 25 மில்லிமீட்டர் இறங்க 1 மீட்டர் ஃபுட்டிங்குக்கு 850 கிலோநியூட்டன், 1.5 மீட்டருக்கு 1500, 2.5 மீட்டருக்கு 3600. 3 மீட்டர் ஃபுட்டிங்குகள் இரண்டில் ஒன்றுக்கு 4500, மற்றதற்கு 5200. ஒரே அளவு, ஒரே தளம், ஆராய்ச்சிக்காகவே பொறுக்கி எடுத்த மணல். இரண்டுக்கும் நடுவே 700 கிலோநியூட்டன் வித்தியாசம். இதே மாதிரி இரண்டு ஃபுட்டிங் ஒரே பீமைத் தாங்கினால் ஒன்று மற்றதைவிட ஏறத்தாழ 15 சதவீதம் அதிகம் இறங்கும் என்று கணக்குப் போடாமலே சொல்லலாம்.

அழுத்தமாக மாற்றினால், 1 மீட்டர் ஃபுட்டிங் 25 மில்லிமீட்டருக்கு 850 கிலோபாஸ்கல் வாங்குகிறது, 3 மீட்டர் 500-இலிருந்து 578 வரைதான் வாங்குகிறது. பெரிய ஃபுட்டிங் அதே அழுத்தத்தில் அதிகம் இறங்கும். 30 சென்டிமீட்டர் பிளேட் (இரும்புத் தகடு) வைத்துச் சுமை ஏற்றிச் சோதித்துவிட்டு அந்த அழுத்தத்தை அப்படியே 2.4 மீட்டர் ஃபுட்டிங்குக்குக் கொடுப்பவர்களுக்கு இது போதும். டெர்சாகி, பெக் இருவரும் கொடுத்த விகிதப்படி பிளேட் இறங்கியதை நம் ஃபுட்டிங்குக்கு 3.16 மடங்காக்க வேண்டும். பிளேட்டில் 5 மில்லிமீட்டர் என்றால் ஃபுட்டிங்கில் 16. அதிலும் பிளேட் தொடுவது தனக்குக் கீழே 60 சென்டிமீட்டர் மண்ணை மட்டுமே.

7.5 மீட்டரில் வந்த 4

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். ஸ்பூனைப் பிரித்தால் மணல் இல்லை. கருஞ்சாம்பல் நிறக் களி, நடுவே சின்னச் சின்னச் சிப்பித் துண்டுகள், அழுகிய முட்டை வாசம். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது, விரலில் ஒட்டுகிறது. போர் போடும் ஆட்களில் ஆந்திர எல்லைக்கு அப்பாலிருந்து வருபவர்களும் உண்டு. மணலை "இசுக" என்பார்கள். இந்தக் களி வந்ததும் எந்த மொழிக்காரரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரே மாதிரி "சேறு" என்பதுபோலத்தான் ஏதோ சொல்வார்கள். லாக் எழுதுபவர் அங்கே நிற்காமல் கூடாரத்தில் இருந்தால், இது "களிகலந்த மணல்" என்று எழுதப்பட்டுவிடும்.

ஏரிச்சேறு படிந்து, அதன்மேல் மணல் மேவிய நிலம் இது. மணல்மேடும் தாழ்வும் மாறி மாறிக் கிடக்கும் கடலோரத்தில், அன்றைய தாழ்வில் தங்கிய களி இன்றைய மணலுக்கு அடியில் ஒளிந்திருப்பது இயல்பு. நம் தளத்தில் அது 7 முதல் 8.5 மீட்டர் வரை, ஒன்றரை மீட்டர்.

பர்லண்ட் பர்பிட்ஜ் முறை பார்த்த ஆழம் 3.4 மீட்டர். ஷ்மெர்ட்மன் பார்த்தது 6.3 மீட்டர். இரண்டுமே களியைத் தொடவில்லை. ஃபுட்டிங் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆழம் போர் போட்டால் போதும் என்ற கணக்கில் நிறுத்தியிருந்தால் 5.1 மீட்டரோடு முடிந்திருக்கும். கூடுதல் அழுத்தம் 10 சதவீதத்துக்குக் கீழே போகும் ஆழம் வரை என்ற விதியும் தப்பிவிடும். தனி ஃபுட்டிங்கின் அழுத்தம் இரண்டுக்கு ஒன்று என்று (2 மீட்டர் இறங்க ஒவ்வொரு பக்கமும் 1 மீட்டர்) விரிந்து களியின் நடுவே 11.5 கிலோபாஸ்கல்தான், 150-இல் 8 சதவீதம். ஆனால் தூண்கள் 6 மீட்டரில் நெருங்கி நிற்கின்றன. அந்த ஆழத்தில் பக்கத்து ஃபுட்டிங்குகளின் அழுத்தமும் மேலே மேலே ஏறி, 860-ஐ 36 சதுர மீட்டரால் வகுத்த 24 கிலோபாஸ்கலை நெருங்கும்.

இதோடு தரையில் அடுக்கும் மூட்டை. தீவனம் கன மீட்டருக்கு 6.5 கிலோநியூட்டன் என்றால் 4 மீட்டர் அடுக்கு 26 கிலோபாஸ்கல். நடைபாதை போக 60 சதவீதம் நிறைந்திருந்தால் சராசரி 15.6. அகலமாகப் பரவிய சுமை ஆழத்தில் குறைவதே இல்லை என்று சொல்லலாம். ஃபுட்டிங் வடிவமைப்பில் இந்தச் சுமை எங்கேயும் தலைகாட்டாது, ஏனென்றால் அது தூணுக்கு வராமல் தரை ஸ்லாப் வழியே மண்ணுக்குள் போய்விடுகிறது. ஆக களியின் மேல் இரண்டும் சேர்ந்து சுமார் 38 கிலோபாஸ்கல்.

ஈடோமீட்டர் சோதனையில் (களி மாதிரியை ஆய்வகத்தில் அமுக்கிப் பார்ப்பது) கன அமுங்குமைக் கெழு மெகாநியூட்டனுக்கு 0.5 சதுர மீட்டர் என்று வந்ததாக வைத்தால், ஒன்றரை மீட்டர் களி 28 மில்லிமீட்டர் இறங்கும். இந்தக் கெழுவை என்-வேல்யூவிலிருந்து ஊகிக்கவே கூடாது. கலையாத மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். மணலின் நீண்டகால 30-ஓடு சேர்த்தால் 58. இந்தியத் தரநிர்ணயம் 1904-இன்படி மணலில் தனி ஃபுட்டிங் கொண்ட ஆர்சிசி கட்டடத்துக்கு மொத்த இறக்க வரம்பு 50.

மொத்தத்தைவிட வித்தியாசம்தான் விரிசல் போடும். வித்தியாசத்துக்கான வரம்பு தூண் இடைவெளியின் 0.0015 மடங்கு, 6 மீட்டருக்கு 9 மில்லிமீட்டர். மணல் மட்டும் என்றால் உள் தூண் 20, ஓரத் தூண் 16, வித்தியாசம் 4. கவலையில்லை. களியில் வேறு கதை. விரிந்த சுமைப் பரப்பின் ஓரத்துக்கு நேர் கீழே அழுத்தம் நடுவில் இருப்பதில் பாதி. ஒரு பே (இரு தூண் வரிசைகளுக்கு இடைப்பட்ட கட்டம்) உள்ளே வந்தால் 86 சதவீதம். அதாவது ஓரத் தூண் 14, அடுத்த தூண் 24, வித்தியாசம் 10. மணலின் 4-ஐச் சேர்த்தால் 14. வரம்பு 9. விரிசல் ஓரத்துப் பேயின் சுவரில் மூலைவிட்டமாக வரும். ஜன்னல் மூலையிலிருந்து தொடங்கும். கட்டி முடித்த ஆறு மாதம், ஒரு வருடத்தில் வரும், சரக்கு நிறைந்த பிறகு. அப்போது எல்லாரும் மணலையோ மழையையோ குற்றம் சொல்வார்கள்.

ஃபுட்டிங்கைப் பெரிதாக்கினால் தீருமா

முதலில் வரும் யோசனை அதுதான். உள் ஃபுட்டிங்கை 2.4-இலிருந்து 3 மீட்டராக்கினால் அழுத்தம் 96 கிலோபாஸ்கல், மணலின் இறக்கம் 20-இலிருந்து 15. கான்கிரீட்டும் கம்பியும் கூடியதற்கு 5 மில்லிமீட்டர்தான் லாபம். களிக்கோ எந்த மாற்றமும் இல்லை. 860 கிலோநியூட்டனும் மூட்டையும் அதே பரப்பில் அதே களிக்குத்தான் போகின்றன. ராஃப்ட் (கட்டடம் முழுக்க ஒரே பலகையாகப் போடும் அடித்தளம்) போட்டாலும் 28 அப்படியே, வித்தியாசத்தை மட்டும் விறைப்பால் கொஞ்சம் சமன் செய்யும். பைல் 9 மீட்டருக்குக் கீழே உள்ள கெட்டி மணலுக்குப் போய் நின்றால் தூண் தப்பிக்கும். தரை ஸ்லாப் மூட்டையோடு சேர்ந்து இறங்கும், பைல் தலையைச் சுற்றித் தரை வெடிக்கும்.

இந்தத் தளத்துக்கு எங்கள் தேர்வு முன்சுமை, அதாவது கட்டுவதற்கு முன்பே மண்ணைக் குவித்துக் களியை இறக்கிவிடுவது. களிக்கு இரு பக்கமும் மணல், ஆகவே நீர் மேலும் கீழும் வெளியேறும். பயணத் தூரம் 0.75 மீட்டர்தான். இறுக்கக் கெழு (நீர் வெளியேறிக் களி இறுகும் வேகம்) ஆண்டுக்கு 1 சதுர மீட்டர் என்றால் 90 சதவீத இறுக்கம் ஆறு மாதத்துக்குள் முடியும். 2.5 மீட்டர் மண் குவித்தால் 42 கிலோபாஸ்கல், வரப்போகும் 38-ஐத் தாண்டுகிறது. கட்டட ஓரத்திலிருந்து ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 3 மீட்டர் வெளியே போக வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் பாதி அழுத்தம்தான் விழும், நாம் தப்பிக்கப் பார்க்கிற அதே சிக்கல் முன்சுமையிலும் வந்துவிடும். 30-க்கு 54 மீட்டர் பரப்பில் 4,050 கன மீட்டர், ஏறத்தாழ 1,430 யூனிட் (யூனிட்டுக்கு 100 கன அடி) மண். அவ்வளவு மண்ணுக்கு எங்கே போவது என்றால், பாதித் தளத்தில் முதலில் குவித்து, இறங்கி முடித்ததும் மறுபாதிக்குத் தள்ளலாம். மண் பாதியாகும், காலம் இரட்டிப்பாகும்.

குவிப்பதற்கு முன் தரைமட்டத்தில் ஆறு இறக்கத் தட்டுகள் வைத்து, ராடை மண்ணுக்கு மேலே நீட்டி, வாரம் ஒருமுறை லெவல் எடுக்க வேண்டும். பெஞ்ச்மார்க் குவியலிலிருந்து எட்டி இருக்க வேண்டும், நிரப்பு மண்ணில் நட்ட கல்லாக இருக்கக் கூடாது. கணக்குப்படி நடுவில் களி 32 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். 15-ஓடு நின்றால் களி நாம் நினைத்ததைவிடக் கெட்டி. 50-ஐத் தாண்டியும் இறங்கிக்கொண்டிருந்தால் களி இன்னும் தடிமன். நாள்காட்டியைப் பார்த்து மண்ணை அகற்றக் கூடாது, வரைபடம் தட்டையானால் அகற்ற வேண்டும்.

பிறகு கெடுக்கும் வேலைகள்

முன்சுமையும் சரி, ஃபுட்டிங்கும் சரி, கட்டும்போது இரண்டு வேலைகள் எல்லாவற்றையும் கெடுக்கும். ஒன்று, குழிக்குள்ளேயே பம்பைப் போட்டு இறைப்பது. நீர் அடியிலிருந்து மேல்நோக்கி வரும், ஃபுட்டிங் உட்காரப்போகும் மணல் பொங்கித் தளர்ந்துவிடும். காலை வைத்தால் கால் புதையும். 30 சென்டிமீட்டர் மணலின் மீள்தகைவு 9 மெகாபாஸ்கலிலிருந்து 1-ஆகக் குறைந்தால் அதுமட்டும் 7 மில்லிமீட்டர் கூட்டும், அதுவும் ஃபுட்டிங்குக்கு ஃபுட்டிங் வேறுவேறாக. சம்ப்பை (நீர் சேரும் பள்ளம்) குழிக்கு வெளியே தள்ளி, ஃபுட்டிங் மட்டத்துக்குக் கீழே வரை இறக்கி இறைக்க வேண்டும். வெல்பாயிண்ட் (சுற்றிலும் இறக்கி நீரை உறிஞ்சும் சல்லடைக் குழாய்கள்) கிடைத்தால் அது இன்னும் நல்லது. மட்டம் வெட்டிய அன்றே பிசிசி (கம்பியில்லாத அடிக் கான்கிரீட்) போட்டுவிட வேண்டும்.

இரண்டாவது, வெள்ளத்துக்குப் பயந்து கட்டடம் எழும்பிய பிறகு மனை முழுக்க ஒரு மீட்டர் மண் அடித்து உயர்த்துவது. 17 கிலோபாஸ்கல் களிக்கு நேராகப் போகிறது, 13 மில்லிமீட்டர். யாருடைய கணக்கிலும் இல்லாத சுமை. உயர்த்துவதாக இருந்தால் முன்சுமைக்கு முன்பே உயர்த்திவிட வேண்டும். பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு இறைத்து நீர்மட்டம் 2 மீட்டர் இறங்கினாலும் களிக்கு 15 கிலோபாஸ்கல், 11 மில்லிமீட்டர். மழைக்காலத்தில் நீர் ஏறுவதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். நம் தளத்தில் அது பெரிய விஷயம் இல்லை, கோடையிலேயே நீர் ஃபுட்டிங்குக்கு 30 சென்டிமீட்டர் கீழேதான் நிற்கிறது. மணலின் பெரும்பகுதி ஏற்கெனவே நனைந்தது.

கட்டி முடித்தபின் ஓரத் தூண்களிலும் முதல் உள் வரிசையிலும் தரைக்கு 30 சென்டிமீட்டர் மேலே பித்தளை ஸ்டட் பதித்து வைக்க வேண்டும். பிளிந்த் முடிந்ததும், கூரை முடிந்ததும், மேல்தளச் சரக்கு முதல் முறை நிறைந்ததும், அதன்பின் மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று டிஜிட்டல் லெவலில் வாசிக்க வேண்டும். ஓர வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் வித்தியாசம் 5-ஐத் தாண்டினால் ஓரத்து பேயில் மூட்டை அடுக்கைக் குறைக்கலாம். சுவருக்கு விரிசல் வருவதற்கு முன்பே அது கையில் இருக்கும் மருந்து.